வார்டன் சட்டை மாற்றும் காட்சி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவனுக்கு லென்ஸ்காரன் என்றுதான் பெயர். வாடிக்கையாளரை நிலைக்கண்ணாடி முன் நிறுத்தி, "உங்க முகத்துக்கு இது எடுப்பா இருக்கு" என்று சொல்வதெல்லாம் முதலாளியின் வேலை. சீட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து லென்ஸை அரைத்து, சட்டத்தில் பிசிறில்லாமல் உட்கார வைப்பது இவன் வேலை. பத்தொன்பது வருடமாக அதே முக்காலி, அதே அரைக்கும் இயந்திரம். ஊரில் எத்தனையோ பேர் இவன் கைபட்ட வட்டங்களின் வழியாகத்தான் எதையும் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இவனைத் தெரியாது. சட்டமில்லாத கண்ணாடிக்குத் துளை போடும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வான். மயிரிழை பிசகினால் விரிசல் ஓரம்வரைக்கும் ஓடிவிடும். மற்றபடி பதறாத ஆள் என்று கடையில் பெயர்.

அந்த வியாழக்கிழமை பதறினான். தங்கை வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருபது வருடப் பழைய கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரே திருகாணியைத் திருப்புளி மூன்று முறை நழுவவிட்டது.

"மணி பத்தரை" என்றாள் தங்கை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டில் இன்றைக்கும் பாப்பா. "மூணு மணிக்கு விசாரணை. ரெண்டே காலுக்குக் கிளம்பணும். நீ இந்த வேகத்துல திருகுனா அடுத்த வியாழக்கிழமைதான் கழலும்."

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"நான் சும்மாதான் இருக்கேன். என் வாய்தான் பேசுது."

விஷயம் இதுதான். இவர்களுடைய பெரியம்மா மகன் ஒரு சினிமா எடுத்துவிட்டான். சிறு வயதிலிருந்தே குடும்பத்தில் அவனை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கிண்டலாக, பிறகு பழக்கத்தில், கடைசியில் உண்மையாகவே. படத்தின் முன்னோட்டத்தை லென்ஸ்காரன் கடைக் கைப்பேசியில் பார்த்தான். பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்த கைதிக்கு விடுதலை நாள். வாசலில் அவனை அழைத்துப் போக யாருமே வரவில்லை. அத்தனை வருடம் அவனைப் பூட்டித் திறந்த வார்டன் உள்ளே போய் உடுப்பைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றி வாசலுக்கு வெளியே வந்து நிற்கிறார். உறவுக்காரர் போல. "வா, போலாம்" என்கிறார். பிறகு திரையில் எழுத்து: கதை, இயக்கம் என்று டைரக்டரின் பெயர்.

கைப்பேசியை லென்ஸ்காரன் கவிழ்த்து வைத்தான். அந்த வார்டனை அவனுக்குத் தெரியும். அந்தச் சட்டையையும் தெரியும். கோடு போட்ட நீலச் சட்டை. இருபது வருடத்துக்கு முன்னால் அவனே மவுஸால் தேர்ந்தெடுத்தது.

அன்று மாலை மனைவி கேட்டாள்: "உன் பேரு வந்தா உனக்கு என்ன கிடைக்கும்?"

"பேருதான் கிடைக்கும்."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் இந்த மனிதன் எதையாவது எனக்கு வேண்டும் என்று கேட்டு அவள் பார்த்ததில்லை. கதாசிரியர் சங்கத்துக்குக் கடிதம் போட்டான். டைரக்டரிடம் நேரில் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான், பிறகு கத்தினான், பிறகு பேச்சையே நிறுத்தினான். மூன்று மாதமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. இன்றைக்கு விசாரணை. மாலை ஆறு மணிக்குப் படத்தின் பெயர் அட்டைகளை முடித்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. சங்கத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: தேதியோடு கூடிய ஆதாரம்.

ஆதாரம் ஒரு கணினி விளையாட்டுக்குள் இருந்தது.

அது சினிமா எடுக்கும் விளையாட்டு. வெறும் பொட்டல் மைதானத்தில் தொடங்கும். அதில் படப்பிடிப்புத் தளங்கள் கட்ட வேண்டும். வாசலில் வேலை கேட்டு வரிசையில் நிற்பவர்களைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்குவதுபோல் மவுஸால் தூக்கி, நடிகர் அலுவலகத்தில் போட்டால் நடிகர். துப்புரவுக் கொட்டகையில் போட்டால் துப்புரவுக்காரர். தலையெழுத்து என்பது எங்கே போடுகிறோம் என்பதுதான். காட்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, உடை மாற்றி, மைக்கில் நம் குரலையே பேசிப் பதிந்தால், உள்ளேயிருக்கும் பொம்மை நடிகர்கள் அதற்கு வாயசைப்பார்கள். இவனுக்கும் டைரக்டருக்கும் அப்போது பதினேழு வயது. பாப்பாவுக்கு ஒன்பது. பெண் குரல் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை, அம்மா, செவிலி, நீதிபதி என்று எல்லாப் பெண்களுக்கும் ஒரே கீச்சுக்குரல்.

மூடி கழன்றது. உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. தூரிகையால் தட்டி, நினைவக அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டி, பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மூன்றாம் முறை, இருமலை அடக்கிக்கொண்டிருந்த கிழவரைப் போல அது மொத்தமாக அதிர்ந்து, ஓடத் தொடங்கியது.

"இதை அணைக்காதே" என்றான். "அணைச்சா திரும்பி எழுந்திரிக்காது."

விளையாட்டு தொடங்க அதன் சிடி உள்ளே இருக்க வேண்டும். சிடியின் முதுகில் அரைவட்டமாக ஒரு கீறல். போட்டால் இயந்திரம் கரகரவென்று தேடிவிட்டுத் துப்பியது. லென்ஸ்காரன் எழுந்து தன் பையிலிருந்து வேலைப்பொருளை எடுத்தான். லென்ஸ் ஓரத்தை மெருகேற்றும் வெள்ளைப் பசை, மான்தோல் போன்ற துணி. சிடியை மடியில் வைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில், சுற்றாமல், அழுத்தாமல் தேய்க்கத் தொடங்கினான். இப்போது எதுவும் நழுவவில்லை. தெரிந்த வேலை.

பாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இதே பொறுமை உனக்கு வாயிலயும் கொஞ்சம் இருந்திருந்தா அன்னிக்கு அவன்கிட்ட கத்தியிருக்க மாட்ட."

"அவன் என் கதையை எடுத்துக்கிட்டான் பாப்பா."

"எடுத்துக்கிட்டான்னு நானும்தான் சொல்றேன். நான் யாரு பக்கம்னு நினைச்ச?"

சிடியைப் போட்டான். கரகரப்பு. நின்றது. மறுபடி கரகரப்பு. பிறகு அந்த இசை வந்தது, பழைய பியானோ போல ஒரு துள்ளல். ஒலிபெருக்கி செத்துப்போயிருந்ததால் ஹெட்போனில்தான், அதிலும் இடது காதில் மட்டும்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தே பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மெட்டை அவளாகவே முணுமுணுத்தாள்.

சேமித்து வைத்த ஆட்டம் திறந்தது. மைதானம், தளங்கள், விட்டுப்போன இடத்திலேயே நிற்கும் விளக்குக்கம்பங்கள். நட்சத்திர நடிகன் ஒருவன் கோபித்துக்கொண்டு மதுக்கடை வாசலில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இருபது வருடமாக அதே கோபம்.

"இவன் இன்னும் போகலையா?" என்றாள் பாப்பா.

படப்பட்டியலில் நான்கு படங்கள். பெயர் வைப்பதற்குள் சண்டை வந்துவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், எண் மட்டும் வேறு. 'பெயரில்லாப் படம் நான்கு' என்பதைச் சொடுக்கினான். சிறை வாசல். கைதி. பெரிய கதவு. பொம்மை வார்டன் விறைப்பாக நடந்து உள்ளே போகிறார். அடுத்த காட்சியில் நீலச் சட்டையில் வெளியே நிற்கிறார். எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: இயக்கம், டைரக்டரின் பெயர். கதை, லென்ஸ்காரனின் பெயர்.

பாப்பா அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "போட்டிருக்குடா சாமி! எழுத்துல போட்டிருக்கு!"

கோப்பின் தேதியும் தெளிவாக இருந்தது. பென்டிரைவில் நகல் ஏறியது. மணி பன்னிரண்டரை. இவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தபோது கைப்பேசி அடித்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக டைரக்டர்.

"கம்ப்யூட்டரைத் திறந்துட்டியாமே. எங்க வீடு வரைக்கும் சேதி வந்துடுச்சு."

"திறந்தாச்சு. என் பேரு இருக்கு."

"இருக்கும். நீதானே உக்காந்து டைப் அடிச்ச. எழுத்தர் வேலை." குரலைத் தாழ்த்தினான். "டேய், அந்த முடிவைச் சொன்னது நான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மைக் ஓடிட்டே இருந்துச்சு. ஸ்பேஸ் பாருக்கு டேப் ஒட்டி வச்சிருந்தோம்ல? பேசுன பேச்செல்லாம் தனியா விழுந்திருக்கும். எடுத்துக் கேளு. கேட்டுட்டு வா."

டைரக்டர் அழைப்பைத் துண்டித்தான்.

டேப் ஒட்டியது உண்மைதான். விசையை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் அந்த விளையாட்டு குரலைப் பதியும். மூன்று பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்க வேண்டுமென்பதால் யாரும் விசையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் விசையை அழுத்தியபடியே டேப்பால் ஒட்டிவிடுவார்கள். வசனத்தோடு சண்டை, இருமல், சிரிப்பு எல்லாம் சேர்ந்து பதிவாகும். படத்துக்குத் தேவையானதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"என்னவாம்?" என்றாள் பாப்பா.

"பழைய பதிவையெல்லாம் கேக்கணுமாம்."

"கேளேன். உனக்கென்ன பயம்?"

பயம்தான். இந்த முடிவு எப்போது, எப்படித் தனக்குத் தோன்றியது என்று மூன்று மாதமாக யோசித்தும் அந்தக் கணம் மட்டும் அகப்படவில்லை. நீலச் சட்டை ஞாபகமிருந்தது. தட்டச்சு செய்தது ஞாபகமிருந்தது. அந்த யோசனை தன் தலையிலிருந்துதான் வந்தது என்பது, தன் வலது கை தன்னுடையது என்பதுபோல் சந்தேகமே இல்லாமல் இருந்தது. இதுவரை.

குரல்கள் இருந்த கோப்புறையில் நாற்பத்தொரு பதிவுகள். பாப்பா விசாரணைப் படிவத்தை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலாவதைத் திறந்தான். டைரக்டரின் உடைந்த குரல், "வார்டன் சார், எனக்கு யாராவது வந்திருக்காங்களா?" பிறகு இருமல். இரண்டு, மூன்று, நான்கு. தன் குரலையே அவனால் அடையாளம் காண முடியவில்லை. பன்னிரண்டாவதில் கைதியின் தம்பிதான் அழைத்துப் போக வருவதாக இருந்தது. அதுதான் முதலில் எழுதிய முடிவு. இவனுக்கு அது மறந்தே போயிருந்தது. பதினாறாவதில் டைரக்டர் மேசையைத் தட்டிக் கத்தினான்: "தம்பி வேஷக்காரன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்டா! கேரவன் சின்னதா இருக்காம்! இப்ப யாரை வச்சு எடுக்கிறது?"

மதுக்கடை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன்.

பதினேழாவது.

"மொத்தமே ரெண்டு நடிகன்தான் இருக்கான்" என்றது இவன் குரல். "கைதி, வார்டன். அவ்வளவுதான்."

"அப்ப படத்தைத் தூக்கிக் குப்பையில போடு" என்றது டைரக்டரின் குரல்.

நாற்காலி நகரும் ஓசை. லென்ஸ்காரன் மூச்சை அடக்கிக்கொண்டான். இப்போது தான் சொல்லப்போகிறோம். சொல்லிவிடு. சொல்லிவிடு.

மைக்கை விட்டுத் தள்ளி, எங்கோ கீழேயிருந்து, கீச்சுக்குரல்: "வார்டனே வெளிய போயி நிக்கட்டுமே. சட்டையை மட்டும் மாத்திவிடு. யாருமே வரலன்னா அந்த அண்ணன் அழுவாருல்ல."

"டேய்" என்றது டைரக்டரின் குரல்.

"டேய்" என்றது இவன் குரல். "நல்லா இருக்கே இது!"

"எழுது, எழுது, மறந்துடப் போற."

தட்டச்சுச் சத்தம். அதன் நடுவே மறுபடி கீச்சுக்குரல்: "அண்ணா, என் பேரு வருமா?"

"வரும், வரும்" என்றது இவனுடைய பதினேழு வயதுக் குரல், திரும்பிக்கூடப் பார்க்காத குரல். "நீ போயி தண்ணி கொண்டுவா."

பதிவு முடிந்தது.

"என்ன சொல்லுது?" பாப்பா படிவத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அவன் சொன்னதா இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீ சொன்னதா?"

திரையில் அந்தக் கோப்பின் மீது அம்பு நின்றுகொண்டிருந்தது. ஒரு விசை அழுத்தினால் போய்விடும். பென்டிரைவில் ஏறிய படத்தில் இந்தப் பேச்சு எதுவும் இல்லை. சங்கத்துக்குப் படம் மட்டும் போதும். கேட்டது ஒரே ஒரு காது, அதுவும் இடது.

"வெறும் இரைச்சல்" என்றான். "பதிவு கெட்டுப்போச்சு போல. ஒண்ணும் புரியல."

"அப்ப விடு. பேருதான் இருக்கே." அவள் படிவத்தில் அவன் பெயரைத் தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதினாள். "கதைக்கு உரிமை கோருபவர். கையெழுத்துப் போடு."

போட்டான். அழிக்கவுமில்லை, நகல் எடுக்கவுமில்லை. அணைக்கப் போன அவள் கையைத் தடுத்து, "ஓடட்டும்" என்று மட்டும் சொன்னான்.

பயிற்சிக் காரில்தான் போனார்கள். பாப்பா ஓட்ட, அவன் பக்கத்து இருக்கையில். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் அந்த இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. தெரு, பேக்கரி, பள்ளி மதில், பெட்ரோல் பங்க் எல்லாம் ஓடின. அவன் மடியில் படிவம்.

"ஏன் இப்படி உம்முனு வர? ஜெயிச்ச மாதிரிதான். நான் காலையிலயே வாடிக்கைக்காரங்க ரெண்டு பேருகிட்ட சொல்லிட்டேன், எங்கண்ணன் கதை சினிமாவா வருதுன்னு. ஒருத்தி ரிவர்ஸ் எடுக்கிறதையே மறந்துட்டா."

பச்சை விளக்கு விழுந்தது. கார் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் நான்கைந்து ஹாரன்கள் ஒன்றாக அலறின.

"காலை எடு!" பாப்பா கத்தினாள். "பிரேக்ல இருந்து காலை எடுண்ணா! என்ன ஆச்சு உனக்கு?"

அழுத்தியது அவனுக்கே தெரியவில்லை. காலை மடக்கி இருக்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

சங்கத்தின் அறையில் நீள மேசை, நான்கு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. தலைவி ஓய்வுபெற்ற வசனகர்த்தா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பக்கத்தில் கணினியோடு செயலாளர். டைரக்டர் ஏற்கெனவே வந்திருந்தான். அவன் போட்டிருந்த கண்ணாடி இவன் செய்து கொடுத்ததுதான். வலது காதில் மாட்டும் தண்டு தளர்ந்து மூக்கில் சரிந்திருந்தது. முடுக்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. பாப்பா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

படத்தைப் போட்டார்கள். பொம்மை வார்டன் நீலச் சட்டையில் வந்து நின்றபோது தலைவி லேசாக முன்னால் சாய்ந்தார். பெயர் வந்தது. தேதியைச் செயலாளர் சரிபார்த்துத் தலையாட்டினார்.

"என்ன தம்பி சொல்றீங்க?" தலைவி டைரக்டரிடம் கேட்டார்.

"மேடம், அவன் டைப் அடிச்சான். யோசனை என்னது. சின்ன வயசுல இருந்து சினிமா சினிமான்னு அலைஞ்சவன் நான். அவன் பாட்டுக்கு ஒரு ரூமுக்குள்ள உக்காந்து லென்ஸ் அரைச்சுட்டு இருந்தான். இருபது வருஷம் இந்த ஒரு காட்சியை நெஞ்சுல வச்சுச் சுமந்தேன். எத்தனை பேரு வாசல்ல நின்னு இதைச் சொல்லியிருக்கேன் தெரியுமா?" பொய் சொல்பவனின் குரல் அல்ல அது. அவனும் தன் வலது கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னதுக்கு ஆதாரம்?"

"அவன்கிட்டதான் இருக்கு. பேசுனதெல்லாம் பதிவாகியிருக்கும். கேட்டுட்டு வான்னு மத்தியானம் சொன்னேன்."

தலைவி திரும்பினார். "கேட்டீங்களா?"

வெறும் இரைச்சல் என்று சொல்லிவிட்டால் போதும். யாரும் அந்த வீடுவரை வந்து கேட்கப் போவதில்லை. ஆறு மணிக்குப் பெயர் ஏறிவிடும். திரையரங்கின் இருட்டில் ஒரு சில நொடி, இந்த உலகத்தில் அவன் உண்டாக்கிய ஒரே பொருளுக்குப் பக்கத்தில் அவன் பெயர்.

"கேட்டேன்" என்றான். "இவன் சொல்லல."

"பொய்!" டைரக்டர் எழுந்துவிட்டான்.

"நானும் சொல்லல."

செயலாளரின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"அப்ப யாரு?" என்றார் தலைவி.

அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்காங்க. என் தங்கச்சி."

"அவளா? அவளுக்கு அப்ப மூணாங்கிளாஸ் வயசு!" டைரக்டர் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏதோ ஒன்று நினைவின் அடியிலிருந்து எழும்பி வருவதை அவன் முகத்திலேயே பார்க்க முடிந்தது. மெதுவாக உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "தம்பி வேஷக்காரன் கோவிச்சுக்கிட்டான்..." என்று தனக்குள்ளேயே சொன்னான்.

"நாலாங்கிளாஸ்" என்றாள் பாப்பா. எழுந்து நின்றிருந்தாள். டைரக்டரை அவள் பார்க்கவில்லை. "இரைச்சல்னு சொன்னியேண்ணா."

அவன் மேசை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"புரியலன்னு சொன்னியே. பக்கத்துலதான உக்காந்திருந்தேன் நான்."

தலைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பதிவு இங்க வரணும். அஞ்சரை வரைக்கும் உக்காந்திருப்போம். அம்மா, உங்க பேரைப் போடணும்னு நீங்க கேக்கறீங்களா?"

"எனக்குத் தெரியாது மேடம்" என்றாள் பாப்பா. "நான் என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியாது. முதல்ல என் காதால கேக்கணும்."

திரும்பிப் போகும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத ஒருத்தி பேசாமல் கார் ஓட்டுவது, முன்சக்கரம் கழன்ற வண்டியில் போவதுபோல் இருந்தது. மாடிப்படி ஏறும்போதே விசிறியின் இருமல் கேட்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எது?"

"பதினேழு."

"நீ வெளிய இரு."

அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கூடத்தில் நின்றான். உட்காரத் தோன்றவில்லை. பதிவு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று தெரியும். நான்கு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. ஆறாவது நிமிடம் ஒரே ஒரு சிரிப்பு, குட்டையாக. அதன் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கதவு திறந்தபோது அவள் கையில் பென்டிரைவும் படிவமும் இருந்தன. அவன் பெயர் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. கோபத்தில் கிறுக்கவில்லை. அளவுகோல் வைத்ததுபோல் நேர்கோடு. அதன் மேலே அவள் பெயர்.

"போலாம். நாலரையாச்சு."

காரில் ஏறினார்கள். அவன் மடியில் மறுபடி படிவம். சீட்பெல்ட்டைப் போடும்போது கேட்டுவிட்டான், அவனாகக் கேட்கவில்லை, வாய் கேட்டுவிட்டது: "பாப்பா... ரெண்டு பேரும்னு போட முடியாதா? நான்தானே எழுதினேன். சட்டை நான்தானே எடுத்தேன்."

அவள் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து நேராகப் பார்த்தாள்.

"மத்தியானமே கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "ஹெட்போனைக் கழட்டி என் காதுல வச்சுட்டுக் கேட்டிருந்தா, உன் பேரு மட்டும் போதும், எனக்கு எதுக்குன்னுகூடச் சொல்லியிருப்பேன். நான் அப்படித்தான், உனக்கே தெரியும்."

"ம்."

"இப்ப கேக்காத."

வண்டி கிளம்பியது. அவன் கால்களைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டான்.

சங்கத்தில் பதிவை ஒலிபெருக்கியில் போட்டார்கள். டைரக்டர் தலை குனிந்து கேட்டான். "நீ போயி தண்ணி கொண்டுவா" என்று வந்தபோது தலைவி லென்ஸ்காரனை ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் எதையும் மறுக்கவில்லை. டைரக்டர் மட்டும், "இருபது வருஷம் மேடம்" என்றான், யாரிடமும் எதையும் கேட்காமல்.

ஐந்தே முக்காலுக்குச் செயலாளர், படக்குழு அனுப்பியிருந்த பெயர் அட்டையைத் திரையில் திறந்தார். 'கதை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்ததை அழித்தார். வெற்றிடத்தில் குறி மின்னிக்கொண்டிருந்தது.

"இனிஷியல்?" என்றார் திரும்பாமல்.

பாப்பா வாயைத் திறப்பதற்குள் லென்ஸ்காரன் சொன்னான். அப்பா பெயரின் முதலெழுத்து. அவனுக்கும் அதே எழுத்துதான். செயலாளர் அதை அடித்துப் புள்ளி வைத்தார். ஒரு நொடி, திரையில் அந்த ஒற்றை எழுத்து மட்டும் நின்றது.

பிறகு அவள் பெயர், எழுத்து எழுத்தாக, அதன் பக்கத்தில் ஏறத் தொடங்கியது.